சாலையில் மெதுவாகச் செல்லும் பெரிய வாகனங்கள்: சிவப்புக் கொடி முதல் செம்மஞ்சள் முக்கோணம் வரை

மாட்டு வண்டி, டிராக்டர், கரும்பு ஏற்றிய டிரெய்லர், சாலை உருளை, அறுவடை இயந்திரம், பாரம் ஏற்றிய லாரி ஆகியவை சாலையில் பிற வாகனங்களைவிட மெதுவாகவோ, அதிக இடத்தை அடைத்துக்கொண்டோ செல்பவை. இவற்றோடு விரைவு வாகனங்கள் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி தொடர்ந்து எழுந்து வந்துள்ளது. விபத்தைத் தவிர்க்கும் பொறுப்பு யாருடையது? மெதுவாகச் செல்பவர் தம்மைப் பிறர் கண்ணில் படும்படி செய்துகொள்ள வேண்டுமா, விரைந்து வருபவர் பார்த்து வர வேண்டுமா? கடந்த நூற்று அறுபது ஆண்டுகளில் பல நாடுகள் இயற்றிய சாலைச் சட்டங்களை இந்தக் கேள்விக்கான விடைகளாகவே படிக்கலாம். இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

நீராவி வண்டியும் சிவப்புக் கொடியும்

இயந்திரத்தால் ஓடும் சாலை வண்டி முதலில் தோன்றியபோது அது மெதுவாகவே சென்றது. 1769ஆம் ஆண்டு பிரான்சில் நிக்கோலா யோசப் குன்யோ உருவாக்கிய நீராவி வண்டி பீரங்கிகளை இழுப்பதற்கானது. அதன் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் கனமான நீராவி இழுவை எந்திரங்கள் ஓடத் தொடங்கின. கதிரடிக்கும் பொறிகளை ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு இழுத்துச் செல்வதும், பெரும் பாரங்களைக் கொண்டுசெல்வதும் அவற்றின் வேலை.

அக்காலச் சாலை குதிரைக்கு உரியதாக இருந்தது. புகையும் தீப்பொறியும் இரைச்சலுமாக வந்த இரும்பு எந்திரத்தைக் கண்டு குதிரைகள் மிரண்டன, வண்டிகள் கவிழ்ந்தன. எந்திரத்தின் எடை சாலையையும் பாலங்களையும் சிதைத்தது. எனவே 1861இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சாலை எந்திரங்களுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. திறந்த வெளியில் மணிக்கு 10 மைல், ஊருக்குள் 5 மைல் என்று வேகத்துக்கு அது எல்லை வகுத்தது.

நான்கு ஆண்டுகளில் இதுவும் போதாது என்று கருதப்பட்டது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் வேக வரம்பைத் திறந்த வெளியில் 4 மைலாகவும் ஊருக்குள் 2 மைலாகவும் குறைத்தது. ஒவ்வோர் எந்திரத்துக்கும் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் எந்திரத்துக்கு 60 கெசத்துக்குக் குறையாத தொலைவில், கையில் சிவப்புக் கொடியுடன் முன்னே நடந்து செல்ல வேண்டும். எதிரே வரும் குதிரைக்காரர்களை எச்சரிப்பதும், மிரளும் குதிரைகளைக் கடக்க உதவுவதும் அவர் வேலை. இதனாலேயே மக்கள் இதைச் ‘சிவப்புக் கொடிச் சட்டம்’ என்று அழைத்தனர்.

இன்று பலர் இச்சட்டத்தை அறிவியல் முன்னேற்றத்தைத் தடுத்த மூடச் சட்டமாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. இரயில் நிறுவனங்களும் குதிரை வண்டித் தொழிலில் இருந்தவர்களும் இதனால் பயனடைந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் இச்சட்டத்துக்குள் ஒரு கொள்கை இருந்தது. ஆபத்தைச் சாலைக்குக் கொண்டுவருபவரே எச்சரிக்கும் பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்பதே அது. நடப்பவரும் குதிரையில் வருபவரும் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. எந்திரத்தின் உரிமையாளர்தான் கூலி கொடுத்து ஆள் வைத்துக் கொடி பிடிக்க வேண்டும்.

எச்சரிக்கைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1869 ஆகஸ்ட் 31 அன்று அயர்லாந்தின் பார்சன்ஸ்டவுன் என்னும் ஊரில், நுண்ணோக்கி ஆய்வில் புகழ்பெற்றிருந்த மேரி வார்டு, உறவினர்கள் உருவாக்கிய நீராவி வண்டியில் சென்றபோது ஒரு வளைவில் கீழே விழுந்து, அதன் சக்கரத்தில் சிக்கி இறந்தார். இயந்திரச் சாலை வண்டியால் நேர்ந்ததாகப் பதிவாகியுள்ள முதல் மரணங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது. அவர் விழுந்தது வேகமாகச் சென்ற வண்டியிலிருந்து அன்று. கனமான வண்டி மெதுவாகச் சென்றாலும் உயிரைப் பறிக்கும் என்பதை அம்மரணம் காட்டியது.

1896: பொறுப்பு இடம் மாறுகிறது

1878ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கொடி பிடிக்கும் கட்டாயத்தை நாடு முழுவதற்கும் பொதுவானதாக வைக்காமல் தளர்த்தியது. முன்னே நடப்பவர் செல்ல வேண்டிய தொலைவும் 20 கெசமாகக் குறைந்தது. 1896இல் வந்த புதிய சட்டம் மூன்று டன்னுக்குக் குறைவான எடையுள்ள வண்டிகளை இக்கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தது. அவற்றுக்கு மணிக்கு 14 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டது. நடைமுறை விதிகளில் அது 12 மைலாகக் குறைக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த 1896 நவம்பர் 14 அன்று கார் உரிமையாளர்கள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகச் சென்று கொண்டாடினர். அதன் நினைவாக இன்றும் ஆண்டுதோறும் பழைய கார்களின் ஓட்டம் அதே வழியில் நடைபெறுகிறது.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், 1896 ஆகஸ்ட் 17 அன்று, லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதி இறந்திருந்தார். பிரிட்டனில் கார் மோதி உயிரிழந்த முதல் பாதசாரி அவரே. விசாரணை நடத்திய மரண விசாரணை அதிகாரி, இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நடக்கக் கூடாது என்று தம் விருப்பத்தைத் தெரிவித்ததாகப் பதிவு உள்ளது.

1896ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலகுவான கார் விடுதலை பெற்றது. கனமான இழுவை எந்திரமோ, குதிரை வண்டியோ, வைக்கோல் வண்டியோ அதே சாலையில் அதே வேகத்தில் தொடர்ந்தன. அதுவரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சென்ற சாலையில் இப்போது இரண்டு வேகங்கள் வந்துவிட்டன. புதிய வகை ஆபத்து இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

இரவும் விளக்கும்

இந்த ஆபத்து முதலில் இரவில் வெளிப்பட்டது. குதிரை வண்டிக்காரர் நிலா வெளிச்சத்திலும் பழக்கத்திலும் வழியறிந்து சென்றவர். குதிரைக்கு வழி தெரியும். அவருக்கு விளக்கு பெரிதாகத் தேவைப்படவில்லை. பின்னால் கார் வரத் தொடங்கியதும் அவர் காண்பதற்கு மட்டுமின்றி, பிறரால் காணப்படுவதற்கும் விளக்கு தேவையாயிற்று. 1907இல் பிரிட்டன் எல்லா வகை வண்டிகளுக்கும் இரவில் விளக்கைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்னும் முறையை உறுதிப்படுத்தியது.

அக்காலத்தில் மிதிவண்டிக்காரர்களின் சங்கம் பின்விளக்குக் கட்டாயத்தை எதிர்த்தது. விளக்கு வைத்துவிட்டால், மோதியவர் ‘விளக்கு எரியவில்லை’ என்று சொல்லித் தப்பிவிடுவார், தம் கண்ணுக்கெட்டிய தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் வருவது மோட்டார் ஓட்டுநரின் கடமை என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் தோற்றது. ஆனால் அதில் இருந்த உண்மை இன்றும் மறையவில்லை. கொடி பிடித்த கை எந்திரக்காரருடையதாக இருந்தது. விளக்குப் பிடிக்கும் கை மெதுவாகச் செல்பவருடையதாகிவிட்டது.

1931 ஏப்ரலில் பிரிட்டன் முதல் ‘நெடுஞ்சாலை நெறி’ நூலை ஒரு பென்னி விலையில் வெளியிட்டது. அதில் கார் ஓட்டுநர்களுக்கு மட்டுமல்லாமல் குதிரை வண்டிக்காரர்களுக்கும் சைகை முறைகள் தரப்பட்டிருந்தன. திரும்புமுன் சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சாலையைப் பகிர்வோர் ஒருவர் மற்றவரின் எண்ணத்தை அறிய ஒரு பொது மொழி வேண்டும் என்பதை அந்நூல் ஒப்புக்கொண்டது.

ஏன் மோதுகிறார்கள்? ஒரு கணக்கு

பின்னால் வந்து மோதுபவர்கள் பெரும்பாலும் ‘முன்னால் வண்டி இருப்பது தெரிந்தது, ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை’ என்றே சொல்வார்கள். அது பெரும்பாலும் பொய்யன்று. மாணவர்கள் கீழ்வரும் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 90 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். டிராக்டரின் வேகம் மணிக்கு 18 கி.மீ. என்றால் நொடிக்கு 5 மீட்டர். கார் டிராக்டரை நெருங்கும் வேகம் நொடிக்கு 20 மீட்டர். இடையே 100 மீட்டர் இருந்தால் 5 நொடிகளில் அது தீர்ந்துவிடும். முன்னால் செல்வது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடும் இன்னொரு கார் என்றால், நெருங்கும் வேகம் நொடிக்கு 5 மீட்டர்தான். அதே 100 மீட்டர் தீர 20 நொடிகள் ஆகும். ஓட்டுநரின் மனம் இரண்டாவது கணக்குக்குப் பழகியிருக்கிறது. முன்னால் நடப்பதோ முதல் கணக்கு.

கண்ணும் இதில் ஏமாற்றுகிறது. இரண்டரை மீட்டர் அகலமுள்ள டிரெய்லர் 200 மீட்டர் தொலைவில் முழு நிலவைவிடச் சற்றே பெரிதாகத்தான் தெரியும். 100 மீட்டரில் அதைப்போல் இருமடங்கு, 50 மீட்டரில் நான்கு மடங்கு. அதாவது தொலைவில் இருக்கும்போது உருவம் வளர்வதே தெரியாது. அருகில் வந்தபின் திடீரென விரியும். விரிவது தெரியும் நேரத்தில் காலம் கடந்துவிடுகிறது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். தாழ் ஒளியில் முகப்பு விளக்கு சுமார் 50 மீட்டர் வரை தெளிவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க 2 நொடி. உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் நொடிக்கு 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும். 90 கி.மீ. வேகத்தில் வரும் கார், 18 கி.மீ. வேகத்தில் செல்லும் டிராக்டரின் வேகத்துக்கு இறங்குவதற்குள் இடைவெளியில் 73 மீட்டர் கரைந்துவிடும். இருப்பதோ 50 மீட்டர். மோதல் உறுதி. அதே கார் 60 கி.மீ. வேகத்தில் வந்தால் 35 மீட்டர் போதும். தப்பித்துக்கொள்ளலாம். விளக்கில்லாத வண்டியின்மேல் குற்றம் இருப்பது உண்மை. ஆனால் 60க்கும் 90க்கும் உள்ள வேறுபாடு பின்னால் வருபவரின் காலடியில் இருக்கிறது.

ஒகையோவின் முக்கோணம்

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலைகள் விரிந்தன, கார்களின் வேகம் கூடியது. அதே காலத்தில் பண்ணைகள் பெரிதாகி, ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குச் செல்ல டிராக்டர்கள் பொதுச் சாலையைப் பயன்படுத்துவதும் கூடியது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் துறையினர் தம் மாநிலத்தில் நடந்த டிராக்டர் மரண விபத்துகளை ஆராய்ந்தனர். மெதுவாகச் செல்லும் வாகனத்துக்கு எனத் தனி அடையாளம் வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

கென் ஹார்க்னஸ் தலைமையில் 1962இல் பல வடிவங்களும் நிறங்களும் சோதிக்கப்பட்டன. இறுதியில் தேர்வானது முனைகள் வெட்டப்பட்ட ஒரு முக்கோணம். நடுவில் பளிச்சிடும் செம்மஞ்சள், சுற்றிலும் அடர் சிவப்பு விளிம்பு, ஏறத்தாழ 14 அங்குல உயரம். இதன் வேலை இரு பொழுதுகளுக்கும் பிரிக்கப்பட்டிருந்தது. பகலில் நடுப்பகுதியின் ஒளிரும் நிறம், சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களையும் காணும் ஒளியாக மாற்றுவதால், வெகு தொலைவிலிருந்தே தனித்துத் தெரியும். இரவில் சிவப்பு விளிம்பு, தன்மேல் விழும் முகப்பு விளக்கு ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அப்போது ஓட்டுநரின் கண்ணுக்கு ஒரு சிவப்பு முக்கோணச் சட்டம் தெரியும். மின்கலமோ, கம்பியோ, பழுதுபார்ப்போ தேவையில்லை.

அமெரிக்க வேளாண் பொறியாளர் கழகம் 1964இல் இந்த அடையாளத்தை ஏற்றது. 1971இல் இது அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் செல்லாத வாகனங்களுக்கே இது உரியது. ஐரோப்பாவிலும் ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் 69ஆம் ஒழுங்குமுறை இதே போன்ற முக்கோணப் பின் தகடுகளுக்குத் தரம் வகுத்துள்ளது.

இந்த அடையாளத்தின் வலிமை, அது ஒரே ஒரு பொருளை மட்டும் சொல்வதில் இருக்கிறது: ‘நான் மெதுவாகச் செல்கிறேன், வேகத்தைக் குறை.’ சில இடங்களில் மக்கள் இதே முக்கோணத்தைத் தம் வீட்டு வாசல் கம்பங்களிலும் அஞ்சல் பெட்டிகளிலும் மாட்டத் தொடங்கினர். நிற்கும் பொருள்களில் எல்லாம் மாட்டினால் ஓட்டுநர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதால் பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன. ஓர் எச்சரிக்கைக் குறி தன் மதிப்பை இழப்பது இப்படித்தான்.

அமிஷ் மக்களின் மறுப்பு

குதிரை வண்டியிலேயே செல்லும் அமிஷ் சமயத்தாரில் ஒரு பிரிவினர் இந்த முக்கோணத்தை ஏற்க மறுத்தனர். பளிச்சிடும் நிறம் எளிமைக்கு மாறானது என்பதும், கடவுளின் பாதுகாப்பை விட்டு உலகியல் சின்னம் ஒன்றில் நம்பிக்கை வைப்பதாகும் என்பதும் அவர்கள் கருத்து. மினசோட்டா மாநிலத்தில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1990இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசமைப்புச் சட்டம் தரும் மனச்சான்று உரிமையின் அடிப்படையில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெள்ளி நிற ஒளி திருப்பும் பட்டையும் சிவப்பு லாந்தரும் பாதுகாப்புக்குப் போதிய மாற்றுவழி என்று அது கருதியது. கென்டக்கி மாநிலத்தில் இதே காரணத்துக்காக அபராதம் கட்ட மறுத்து அமிஷ் ஆண்கள் சிலர் சிறை சென்றனர். 2012இல் அங்கும் சட்டம் திருத்தப்பட்டு வெள்ளைப் பட்டை அனுமதிக்கப்பட்டது.

இவ்வழக்குகள் ஒரு பயனுள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கின. சமுதாயம் கேட்க உரிமை உள்ளது ‘காணப்பட வேண்டும்’ என்பதை. ‘இந்தச் சின்னத்தால்தான்’ என்பது அதே அளவு முக்கியமானதன்று.

லாரியின் அடியில் புகும் விபத்து

பெரிய வாகனத்தின் பின்பக்கம் சாலையிலிருந்து உயர்ந்து நிற்பது இன்னொரு ஆபத்து. கார் பின்னால் மோதும்போது அதன் முன்பகுதி லாரியின் அடியில் புகுந்துவிடுகிறது. மோதலைத் தாங்க வேண்டிய முன்பகுதி தாங்காமல், லாரியின் தளம் நேராகக் கண்ணாடியையும் ஓட்டுநரையும் தாக்குகிறது.

1967 ஜூன் 29 அதிகாலை, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சுக்கு அருகே நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்டு சென்ற கார் இவ்வாறே ஒரு டிரெய்லர் லாரியின் பின்னால் மோதியது. முன்னால் கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டு சென்ற வண்டியால் அந்த லாரி வேகம் குறைந்திருந்தது. முன் இருக்கையில் இருந்த பெரியவர்கள் மூவரும் இறந்தனர். பின் இருக்கையில் இருந்த குழந்தைகள் மூவரும் பிழைத்தனர். புகழ்பெற்ற ஒருவரின் மரணம் என்பதால் நாடே இதைப் பேசியது. லாரியின் பின்னால் குறுக்காகத் தொங்கும் இரும்புச் சட்டத்தை அமெரிக்கர் இன்றும் ‘மான்ஸ்ஃபீல்டு சட்டம்’ என்று அழைக்கின்றனர்.

இத்தகைய தடுப்புக்கு அமெரிக்காவில் 1953லேயே ஒரு விதி இருந்தது. ஆனால் அச்சட்டம் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. வலிமைச் சோதனையுடன் கூடிய தரம் 1996இல்தான் அறிவிக்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்தது. தீர்வு தெரிந்த பின்னும் அது சாலைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தியாவிலும் மோட்டார் வாகன விதிகள் சரக்கு வாகனங்களுக்குப் பின்புறத் தடுப்பையும் பக்கவாட்டுத் தடுப்பையும் வலியுறுத்துகின்றன. வளைந்தும், துருப்பிடித்தும், கழற்றப்பட்டும் போன தடுப்புகள் உயிர் காப்பதில்லை.

ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடம்

பெரிய வாகனத்தின் ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை நேர்மாறானது. முகப்புக்கு நேர் கீழே, இரு பக்கங்களிலும், பின்புறத்திலும் அவர் கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு. 1994இல் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறை இதைப் பற்றி ஒரு விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கியது. லாரிக்கு முன்னால் 20 அடியும் பின்னால் 30 அடியும் மறைவிடம் என்று அது கற்பித்தது. ‘லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியாவிட்டால், உன்னையும் அவருக்குத் தெரியாது’ என்பதே அதன் எளிய சோதனை.

மூலையில் திரும்பும்போது நீண்ட வாகனத்தின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. உட்புறமாக வெட்டிச் செல்கின்றன. எனவே இடப்பக்கம் திரும்ப வேண்டிய லாரி முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கம் இடம் கிடைத்தது என்று எண்ணி இருசக்கர வாகனத்தில் நுழைபவர் பின்சக்கரத்துக்கும் நடைமேடைக்கும் இடையில் சிக்குகிறார். லண்டனில் மிதிவண்டிக்காரர் பலர் இவ்வாறு இறந்ததை அடுத்து, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் ஓட்டுநர் அறையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திர மதிப்பீடு ஏற்படுத்தப்பட்டது. 2021 மார்ச் முதல் அது கண்டிப்பாகச் செயற்படுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் தரம் மேலும் உயர்த்தப்பட்டது. பொறுப்பின் ஒரு பகுதி மீண்டும் பெரிய வாகனத்தின் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு சான்று.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான அனைத்திந்தியச் சட்டம் 1914இல் முதலில் வந்தது. அதை 1939ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றின. ஓட்டும் முறை பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2017இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. இச்சட்டங்கள் பெரும்பாலும் மோட்டார் வாகனத்தையே பேசுகின்றன. நம் சாலையிலோ மோட்டார் அல்லாதவையும் நிறைந்திருந்தன.

தமிழ்நாட்டுப் பார வண்டிகள் இரவில் செல்வதே வழக்கம். வெயிலில் மாடு களைத்துவிடும், விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது காரணம். அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் மாடுகள் வழி தவறாமல் நடக்கும். மண் சாலைக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. தார்ச்சாலை வந்தபின் இருப்புப் பட்டைச் சக்கரமும் லாடம் அடித்த குளம்பும் அதில் வழுக்கின. பின்னால் ஒலிப்பான் அடிக்கும் லாரிக்கு வழிவிட ஓரம் இறங்கினால், தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையிலான பள்ளத்தில் வண்டி குடை சாய்ந்தது. டயர் வண்டி வந்து இழுப்பது எளிதானாலும், பின்னால் வெளிச்சம் இல்லாத குறை அப்படியே இருந்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைப் பழங்காலச் சின்னமாகக் கருதாமல் நாட்டின் போக்குவரத்தில் ஓர் உயிருள்ள பகுதியாகக் கருதி மேம்படுத்த வேண்டும் என்று வாதிட்டு உழைத்தவர்.

இன்று அவ்விடத்தை டிராக்டர் பிடித்துள்ளது. கரும்பு அரவைப் பருவத்தில் ஆலைக்குச் செல்லும் டிரெய்லர்களில் கரும்பின் தோகை பின்னால் தொங்கி, இருக்கும் விளக்கையும் மறைத்துவிடும். நெல் அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரம் சாலையின் பெரும்பகுதியை அடைத்துச் செல்லும். ஒரு முகப்பு விளக்கு மட்டும் எரியும் டிராக்டர் எதிரே வருபவருக்கு இருசக்கர வாகனம் போலத் தோன்றும். அவர் ஒதுங்க வேண்டிய அளவு ஒதுங்க மாட்டார். பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைப்பதும், வண்டி கிளம்பியபின் கல்லை அப்படியே விட்டுச் செல்வதும் நாம் அறிந்த பழக்கம். அந்தக் கல் அடுத்த விபத்துக்குக் காரணமாகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இது ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை. பின்புறம் மோதும் விபத்துகள் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

இரு தரப்பாரும் செய்ய வேண்டியவை

மெதுவாகச் செல்லும் வாகனத்தை ஓட்டுபவர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பின்னால் சிவப்பு ஒளி திருப்பும் பட்டையை டிரெய்லரின் முழு அகலத்துக்கும் ஒட்ட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஒட்டினால் அகலம் தெரியாது.
2. பாரம் பட்டையையோ விளக்கையோ மறைக்கிறதா என்று புறப்படுமுன் இறங்கிப் பார்க்க வேண்டும். சேறும் தூசியும் படிந்த பட்டை ஒளி தராது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
3. மாட்டு வண்டியின் பின்பலகை, சக்கரத்தின் ஆரக்கால், மாட்டின் கொம்பு ஆகியவற்றிலும் பட்டை ஒட்டலாம். சக்கரத்தில் சுழலும் ஒளி, செல்வது வண்டி என்பதை உடனே உணர்த்தும்.
4. பின்னால் வாகனங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழிவிடுவது நல்லது. பொறுமை இழந்தவர் முந்தும்போதே விபத்து நடக்கிறது.

விரைந்து வருபவர் கவனிக்க வேண்டியவை வருமாறு.

1. இரவில் விளக்கு வெளிச்சம் எட்டும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்ல வேண்டும்.
2. முந்துமுன் கணக்குப் போட வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் 20 மீட்டர் நீள லாரியை 80 கி.மீ. வேகத்தில் முந்தி, முன்னும் பின்னும் இடைவெளி விட்டு மீள ஏறக்குறைய 11 நொடிகள் ஆகும். அதற்குள் கார் 240 மீட்டர் ஓடும். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் அவரும் 240 மீட்டர் ஓடியிருப்பார். ஆக, அரை கிலோமீட்டர் வெற்றுச் சாலை தேவை.
3. திரும்பும் லாரியின் இடப்பக்கம் நுழையக் கூடாது. டிராக்டர் வலப்பக்கம் வயலுக்குத் திரும்பக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.
4. மாட்டு வண்டியின் பின்னால் ஒலிப்பானை அலற விடக் கூடாது. 1865இல் குதிரை மிரண்டது போலவே இன்றும் மாடு மிரளும்.

முடிவாக

1865இல் ஒரு மனிதர் கொடியோடு எந்திரத்தின் முன்னே நடந்தார். 1962இல் அதே சிவப்பு நிறம் ஒரு தகடாக டிராக்டரின் பின்னே ஏறியது. எச்சரிக்கை முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாறியதிலேயே, சாலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பது தெரிகிறது. தகடு ஒட்ட வேண்டியது மெதுவாகச் செல்பவரின் கடமை. ஆனால் தகடு எந்த வாகனத்தையும் நிறுத்துவதில்லை. அதைக் கண்டு காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பவரே நிறுத்துகிறார். கரும்பு ஏற்றி வரும் டிராக்டருக்குப் பின்னால் சில நிமிடங்கள் காத்திருப்பதால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. வண்டிக்காரர் வீட்டிலும், பின்னால் வருபவர் வீட்டிலும், அவரவருக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.